வெளிக்கதவு, ஜன்னல், கிரில்: மறுபடி பெயிண்ட் அடிக்க எது ஏற்றது?

பொங்கல் முடிந்து வெயில் உறைக்கத் தொடங்கும் நாட்களில் வீட்டை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பவருக்குச் சுவரைவிட முதலில் உறுத்துவது மரவேலையும் இரும்புவேலையும்தான். பெயிண்டரைக் கேட்டால் எப்போதும்போல் எனாமல் அடித்துவிடலாம் என்கிறார். கடைக்காரர் தண்ணீர் கலந்து அடிக்கும் புது எனாமலை எடுத்து மேசைமேல் வைக்கிறார். அண்மையில் வீடு கட்டிய உறவினரோ, பி.யூ. (பாலியூரிதேன்) அடித்துவிட்டால் பல வருடங்களுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். மூன்று பேச்சையும் கேட்டுவிட்டு எதையும் வாங்காமல் வீடு திரும்புகிறவர்களுக்காக இந்த ஒப்பீடு. பூச்சே வேண்டாம், மரத்துக்கு எண்ணெய் போதும் என்னும் பழைய வழியையும் நான்காவதாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு முழுவதற்கும் ஒரே டப்பா என்று தேடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மேற்கு ஜன்னலும் போர்டிகோவுக்குள் இருக்கும் தலைவாசல் கதவும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரே வெயிலையும் மழையையும் வாங்குவதில்லை. ஆகவே பெயிண்டின் பெயரைக் கேட்பதற்கு முன்பு, எந்தப் பக்கத்துக்கு என்று கேட்பது பயன் தரும்.

## எப்போது அடிப்பது

தமிழ் மாதக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பெயர் இனிமையாக இருக்கிறதே தவிர, சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசியில் முடியும் அக்கினி நட்சத்திரமும் அதற்குள்ளேதான் வருகிறது. வெளிப்புற மரத்துக்கும் இரும்புக்கும் ஏற்ற பருவம் அதற்கு முந்தைய பின்பனி, அதாவது மாசியும் பங்குனியும்.

நம் வழக்கமோ போகிக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுவது. சுண்ணாம்பு அடித்த காலத்துச் சுவருக்கு அது பொருந்தியது, மரத்துக்குப் பொருந்தாது. கடலூரில் எங்கள் வீட்டைப் போன்ற கடலோர வீடுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. அந்த மூன்று மாதம் குடித்த ஈரம் மார்கழியில் மரத்தைவிட்டு இறங்கியிருக்காது. ஈர மரத்தின்மேல் அடித்த பூச்சைப் பங்குனி வெயில் சூடேற்றும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும். கொப்புளமும் உரிதலும் அதிலிருந்து வருகின்றன. மரத்தின் ஈரத்தை அளக்கும் கருவி தச்சரிடம் இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு அடிக்கச் சொல்லலாம். கருவி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கார்த்திகையில் இறுகிப்போய்த் தாழ்ப்பாள் விழாமல் அடம்பிடித்த கதவு, இழைக்காமலேயே ஒருநாள் தானாகத் தளர்ந்து சாத்திக்கொள்ளும். அந்த நாளுக்குப் பிறகு பெயிண்டரைக் கூப்பிடலாம். பொங்கல் அவசரம் தீர்ந்துவிட்டதால் அவரும் சற்று நிதானமாக வருவார்.

மாசியிலும் காலைப் பனி ஈரம் காயும்வரை பிரஷ்ஷைத் தொடக் கூடாது. மாலை நான்கு மணிக்குமேல் புதிதாக அடிக்கவும் கூடாது. காய்வதற்குள் பனி இறங்கினால் எனாமலின் பளபளப்பு மறுநாள் காலையில் வெளிறிப்போய் நிற்கும். நேர்வெயில் விழும் இரும்புக் கம்பியைப் பிடித்துப் பார்த்து, கை பொறுக்காத சூடாக இருந்தால் அந்தப் பக்கத்தை மறுநாள் காலைக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலாவது திசை. கிழக்குக் கடற்கரையில் பருவமழைச் சாரல் வடக்கிலும் கிழக்கிலும் அடிக்கிறது. பிற்பகல் வெயில் மேற்கைத் தாக்குகிறது. மழைக்காலம் முதல் மாசிவரை சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால் தெற்குப் பக்கமும் வெயிலை வாங்குகிறது. மேற்கிலும் தெற்கிலும் பூச்சு வெளுத்து, பொடியாகி, வெடிக்கும். வடக்கிலும் கிழக்கிலும் ஈரம் புகுந்து உரியும் அல்லது பாசி படியும். நோய் வேறு என்பதால் மருந்தும் வேறாக இருக்கலாம்.

இரண்டாவது, அடியில் இருப்பது மரமா இரும்பா என்பது. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேல்பூச்சு அந்த அசைவுக்கு இணங்க வேண்டும். இரும்பு உப்பாது, ஆனால் துருப்பிடிக்கும்.

மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் பூச்சு. இதைத்தான் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை. மறைந்திருக்கும் செலவுகளில் பெரியதும் இதுவே. சென்ற முறை எங்கள் வீட்டில் பெயிண்டரும் அவருடைய உதவியாளும் ஐந்து நாள் வேலை செய்தார்கள். அதில் மூன்று நாள் சுரண்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பட்டி பார்ப்பது ஆகியவற்றிலேயே போயிற்று. பெயிண்ட் டப்பாவின் விலையில் மிச்சம் பிடிப்பதைவிட, அந்த மூன்று நாளை அடுத்த முறை ஒரு நாளாகக் குறைக்கும் பூச்சைத் தேர்ந்தெடுப்பதில் மிச்சம் அதிகம்.

பழைய பூச்சைச் சுரண்டுவதில் இன்னொரு கவனமும் தேவை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி செய்தது; அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எனாமலில், குறிப்பாக அடர் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கூடுதலாக இருந்திருக்க வாய்ப்புண்டு. அத்தகைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி பறக்கவிடுவதும், தீ காட்டி எரித்து எடுப்பதும் வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைக் கேட்டு வாங்கி, ஈரமாகவே தேய்த்து, கீழே தார்ப்பாய் விரித்துப் பொருக்குகளை அள்ளிக் கட்டிவிட வேண்டும். கோலம் போடும் வாசலிலும் குழந்தைகள் விளையாடும் திண்ணையிலும் அந்தத் தூள் கிடக்கக் கூடாது. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முழுதாக எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை.

நான்காவதாக, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மூச்சுத் தொல்லை உள்ள முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால் பெயிண்ட் வாடையே முடிவைத் தீர்மானித்துவிடும்.

## சிந்தெடிக் எனாமல்

டர்பன்டைன் கலந்து அடிக்கும் இந்தப் பழைய எனாமலுக்குப் பல நல்ல குணங்கள் உண்டு. எல்லாப் பெயிண்டருக்கும் கை பழகியது. மெதுவாகக் காய்வதால் பிரஷ் தடம் தானே அமர்ந்து கண்ணாடிபோல் பளபளக்கும். பழைய எனாமலின்மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு அடித்தால் ஒட்டுவதில் தொல்லையில்லை. விலையும் மற்றவற்றைவிடக் குறைவு.

அது காயும் முறையிலேயே அதன் குறையும் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகும் இந்தப் பூச்சு, காய்ந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே போகிறது. இறுக இறுக இணக்கம் குறைந்து ஓடுபோல் ஆகிறது. உள்ளே மரம் ஒவ்வொரு மழைக்கும் உப்பிச் சுருங்க, மேலே இருக்கும் ஓடு முதலில் சட்டங்கள் கூடும் மூலைகளில் வெடிக்கிறது; அந்த வெடிப்பு வழியே மழைநீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. தானே புயலில், 2011 டிசம்பர் 30 அன்று, பலாமரம் விழுந்து உடைந்த எங்கள் மேற்கு ஜன்னலைப் புது மரத்தில் செய்து இந்த எனாமலைத்தான் அடித்திருந்தோம். சில வருடம் கழித்துக் கீழ்ச் சட்டத்தின் மூலையை ஸ்குரூ டிரைவரால் மெல்லக் குத்திப் பார்த்தபோது பெயிண்ட் முட்டை ஓடுபோல் உடைந்தது. உள்ளே மரம் ஈரப் புட்டாக உதிர்ந்து கைக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மூலையில் ஒரு மயிரிழைக் கீறல் மட்டுமே தெரிந்தது.

மறைந்திருக்கும் செலவில் நாள்கூலியைச் சேர்க்க வேண்டும். ஒரு கை அடித்தால் மறுநாள்தான் அடுத்த கை அடிக்க முடியும் என்பதால் வேலை நீளும். வெள்ளை அடித்திருந்தால், வெளிச்சம் குறைவாக விழும் உட்பக்கம் நாளடைவில் மஞ்சளாகும்.

இரும்பைப் பொறுத்தவரை இந்தக் குறைகள் பெரிதல்ல. கேட், கிரில், மொட்டைமாடிக் கைப்பிடி ஆகியவற்றுக்குத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே எனாமல் இரண்டு கை என்பது இன்றும் நான் மாற்ற நினைக்காத முறை. கடலோரத்தில் இருப்பவர்கள் தேய்ப்பதற்கு முன்பு நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட வேண்டும். காற்றில் வந்து படிந்த உப்பு பூச்சுக்கு அடியில் சிக்கினால் துரு உள்ளிருந்தே கிளம்பும். உப்பு கலந்த போர் தண்ணீரில் கழுவுவதால் பயனில்லை.

## தண்ணீர் கலந்து அடிக்கும் எனாமல்

அக்ரிலிக் வகையைச் சேர்ந்த இந்த எனாமல் தண்ணீர் வற்றும்போது ஒட்டிப் படிந்துவிடும்; பிறகும் ரப்பரைப்போல் சற்று இணக்கத்தோடு இருக்கும். மரம் அசையும்போது கூடவே அசையும். அடியில் இருக்கும் ஈரம் கொஞ்சங் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறவும் இடம் கொடுக்கும். வெள்ளை மஞ்சளாவதில்லை, வாடை மிகக் குறைவு. சில மணி நேரத்தில் அடுத்த கை அடிக்கலாம் என்பதால், சுரண்டித் தயாராக வைத்த ஒரு ஜன்னலைக் காலையில் தொடங்கி மாலைக்குள் முடித்துவிட முடிகிறது. லிட்டர் விலை கூடுதலாக இருந்தாலும் கூலியில் ஒரு பகுதி திரும்பிவிடும்.

அப்படியானால் எல்லோரும் இதையே அடிக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் பழைய பூச்சு குறுக்கே வருகிறது. பளபளப்பான பழைய எனாமலின்மேல் இதை அப்படியே அடித்தால் பிடிப்பு கிடைக்காமல் பிறகு தோலைப்போல் முழுசாக உரிந்து வரும். பளபளப்பு முற்றிலும் மங்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, அதற்கேற்ற பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகே மேல்பூச்சு. சந்தேகமிருந்தால் ஒரு மூலையில் கையகலம் அடித்துச் சில நாள் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் தேய்த்தது போதாது.

கைப்பழக்கமும் ஒரு செலவுதான். இது விரைவாகக் காய்வதால், எனாமல் பழகிய பெயிண்டர் அடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி பிரஷ்ஷை இழுத்தால் கோடு விழும். பன்றிமுடிப் பிரஷ் தண்ணீரில் ஊறித் தளர்ந்துவிடும்; நைலான் பிரஷ் வேண்டும். அதை வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பாகவே முடிகிறது. வெறும் இரும்பில் இதை நேராக அடித்தால் அடிக்கும்போதே துருப்புள்ளிகள் எழும் என்பதால், முதலில் துருத் தடுப்பு பிரைமர் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும்.

இன்னொரு தொல்லை அடித்த பிறகு தெரிய வரும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் ஜன்னலை அன்றிரவே இறுகச் சாத்தினால், சட்டமும் கதவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காலையில் பெயிண்டோடு பிய்ந்து வரும். ஒரு வாரமாவது கொக்கி மாட்டி ஒருக்களித்து வைப்பதும், சாத்தியே ஆக வேண்டுமானால் உரசும் விளிம்புகளில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவிவைப்பதும் உதவும். கொசுவும் பாதுகாப்பும் கருதி ஜன்னலைத் திறந்துபோட முடியாத தெருவோர வீடுகளுக்கு இது சிறிய பிரச்சினை அல்ல.

சுவருக்கு வாங்கி மிஞ்சிய வெளிப்புற எமல்ஷனையே ஜன்னலுக்கும் அடித்துவிடலாம் என்று சில பெயிண்டர்கள் சொல்வதுண்டு. அது கைபடும் இடத்தில் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். தினமும் திறந்து மூடும் கதவுக்கு ஆகாது.

## பி.யூ.

தேக்கின் ரேகை தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்களைக் கவர்வது இது. இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் வகை இறுகிய பிறகு கீறலையும் தண்ணீரையும் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும். நிறம் கலந்த பி.யூ.வும் கிடைக்கிறது, ஆனால் நம் ஊரில் தலைவாசல் கதவுக்குக் கேட்கப்படுவது நிறமற்றதுதான்.

வெயிலில் நிறமற்ற பூச்சு ஏன் தோற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. நிறமுள்ள பெயிண்டில் இருக்கும் தூள் வெளிச்சத்தைத் தடுத்துவிடும். நிறமற்ற பூச்சில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் சேர்த்திருந்தாலும் அது காலப்போக்கில் தேயும். பிறகு வெளிச்சம் பூச்சைக் கடந்து மரத்தின் மேற்பரப்பில் விழுந்து, இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பூச்சு கெடாமலிருந்தும் அது பிடித்துக்கொண்டிருந்த மரத்தோல் கெட்டுப்போவதால், அடியோடு கழன்று வருகிறது.

அப்படிக் கழன்றால் பழுதுபார்ப்பது கடினம். கெட்ட இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் திட்டு தெரியும். முழுக் கதவையும் மரம்வரை தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும். இதற்குச் சாதாரண பெயிண்டர் போதாது. ஸ்பிரே அடிக்கத் தெரிந்த பாலிஷ் ஆள், தூசியில்லாத இடம், கதவைக் கழற்றி மாட்ட ஒரு தச்சர் என்று கணக்கு நீளும். கலந்த பொருளைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்; மிஞ்சியது டப்பாவிலேயே கல்லாகிவிடும். கலக்கும் இரண்டில் பூச்சை இறுகச் செய்யும் பொருளில் (ஹார்டனரில்) இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதிக்கக்கூடியது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பு ஆகாது. ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். இதைப் பாலிஷ் ஆளிடம் முன்கூட்டியே பேசி வாங்கிக் கொடுப்பது நம் கடமை என்பது என் எண்ணம்.

## எண்ணெய்

ஆளிவிதை எண்ணெயைத் துணியில் நனைத்துத் தேய்ப்பதிலும், முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசுவதிலும் மரத்தின்மேல் தடித்த பூச்சு என்று ஒன்று உருவாவதில்லை. ஆகவே உரிவதற்கும் எதுவுமில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி எண்ணெய் கைக்கெட்டும் பொருள். மீன்பிடி வள்ளங்களுக்கும் பூசுவது உண்டு. மரத்தைக் கறுப்பாக்கும், பூச்சி அண்டாது, தோலில் பட்டால் புண்ணாக்கும், காயவும் நாளாகும். ஒருமுறை பூசிய மரத்தில் பிறகு பெயிண்ட் ஒட்டுவது சிரமம் என்பதால் இது திரும்பி வர முடியாத வழி. கொல்லைக் கதவுக்கும் ஓட்டுக்கூரையின் ஓரப் பலகைக்கும் தகும், தெருப்பக்கத்துக்கு வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெயை ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பு மறுபடி தேய்க்க வேண்டும். நிழலும் ஈரமுமான வடக்குப் பக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறப்பதால் சுருட்டிய துணி தானாகத் தீப்பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கிவைக்க வேண்டும்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| பார்க்க வேண்டியது | சிந்தெடிக் எனாமல் | தண்ணீர் எனாமல் | நிறமற்ற பி.யூ. | எண்ணெய் |
|---|---|---|---|---|
| நேர்வெயில் | மங்கும், வெடிக்கும் | நன்றாகத் தாங்கும் | தாங்காது | ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் |
| மழைச்சாரல் | வெடிப்பு இல்லாதவரை தாங்கும் | தாங்கும். அடித்த சில மணி நேரம் மழை ஆகாது | தாங்கும் | சுமார் |
| இரும்பு | மிக ஏற்றது | துருத் தடுப்பு பிரைமருடன் | தேவையில்லை | பொருந்தாது |
| பழைய எனாமலின்மேல் | எளிது | தேய்த்து பிரைமர் அடித்தால் மட்டும் | முழுதும் எடுத்தாக வேண்டும் | முழுதும் எடுத்தாக வேண்டும் |
| வாடை | சில நாள் | குறைவு | கடுமை | குறைவு. முந்திரி எண்ணெய் காரம் |
| அடுத்த முறை வேலை | சுரண்டல் அதிகம் | லேசாகத் தேய்த்தால் போதும் | மரம்வரை | துடைத்துப் பூசினால் போதும் |

## யாருக்கு எது

மேற்கும் தெற்கும் பார்த்த மர ஜன்னல்களுக்குத் தண்ணீர் எனாமலே என் தேர்வு. பழைய பூச்சு செதிலாக உரிந்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது; எப்படியும் மரம்வரை எடுக்கப்போவதால், ஒட்டுமா என்ற கவலையும் போய்விடும். பழைய எனாமல் கெட்டியாக ஒட்டிக்கொண்டு நிறம் மட்டும் மங்கியிருந்தால், அதுவும் சாரல் படாத பக்கமாக இருந்தால், சிந்தெடிக் எனாமலே இன்னொரு கை அடித்துக்கொள்வதில் தவறில்லை. அதை முழுதாகச் சுரண்டச் சொல்லிக் கூலி கொடுப்பது வீண்.

ஓரிரு ஆண்டில் வீட்டை விற்கவோ இடித்துக் கட்டவோ எண்ணியிருப்பவர்களும் வாடகைக்கு விட்டிருப்பவர்களும் சிந்தெடிக் எனாமலுக்கு மேல் யோசிக்க வேண்டாம். கேட்டும் கிரில்லும் எவருக்கும் அதுவே.

போர்டிகோவுக்கு உள்ளே, வெயிலும் சாரலும் தொடாத இடத்தில், நல்ல தேக்குக் கதவு இருந்தால் மட்டும் பி.யூ.வுக்குச் செலவழிக்கலாம். அதே கதவு கிழக்கு பார்த்துக் காலை வெயிலில் நிற்கிறதென்றால் ஒன்று நிறமுள்ள பூச்சுக்கு இறங்கி வர வேண்டும், அல்லது வருடந்தோறும் எண்ணெய் தேய்க்கத் தயாராக இருக்க வேண்டும். தேய்க்க ஆளும் பொறுமையும் உள்ள வீடுகளில் எண்ணெய் தேய்த்த தேக்கைவிட அழகானது இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பொறுமை இரண்டு ஆண்டுதான் நீடித்தது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெயிண்டரோடு பேசும்போது மொத்தமாக இவ்வளவு என்று முடிக்காமல், சுரண்டித் தேய்ப்பது, பிரைமர், பட்டி, மேல்பூச்சு எத்தனை கை என்று பிரித்துப் பேசிக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பேசிய வேலையில் முதலில் குறைவது தேய்ப்புத்தான். ஜன்னலின் அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கம், கதவின் மேல் விளிம்பு, சன்ஷேடை ஒட்டிய நிலையின் தலை ஆகிய கண்ணுக்குத் தெரியாத மூன்று இடங்களையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். அடித்து முடித்த அன்று மாலை, கண்ணாடித்துண்டு ஒன்றை அடிச்சட்டத்துக்குக் கீழே பிடித்துப் பார்த்தால், அங்கே பெயிண்ட் இருக்கிறதா, வெறும் மரம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.